ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒலி வரைபடம்: கைபேசியோடு தொடங்குவது எப்படி

தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனையில் சாலை முடியும் இடத்தில் இலங்கையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் பாக் விரிகுடா, வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் ராமேசுவரம் தீவில் சொல்வார்கள். ஜூனில் தென்மேற்குக் காற்று ஏறியிருக்கும்போது அங்கே மூன்று நிமிடம் பதிவு செய்தால் கேட்பது பெரும்பாலும் வலப்பக்கத்து அலை. டிசம்பரில் வாடை இறங்கியபின் அதே இடத்தில், அதே போனில் பதிவு செய்யுங்கள். இடப்பக்கம் எழுந்திருக்கும், வலப்பக்கம் அடங்கிக் கிடக்கும். வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளிதான். எந்த மாதம், எந்தக் காற்று என்ற குறிப்பு இல்லாவிட்டால், அந்தப் புள்ளியை அழுத்திக் கேட்பவருக்கு ஏதோ ஒரு கடல் இரைகிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

பலர் தங்கள் கைபேசியில் ஒரே முறைப்படி ஒலியைப் பதிந்து, அவற்றை ஒரே வரைபடத்தில் சேர்ப்பதுதான் இந்த வேலை. மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். அத்தனையையும் புள்ளிகளால் நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசை முதலில் எல்லாருக்கும் வரும். வேண்டாம். இருநூறு இடங்களில் ஒவ்வொரு தடவை பதிவதைவிட, ஆறு இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்வருவதில்தான் விஷயம் இருக்கிறது. இங்கே ஒலியை மாற்றுவது இடம் மட்டுமல்ல. காற்றும், மீன்பிடி நாட்களும், தடைக்காலமும் சேர்ந்துதான் மாற்றுகின்றன.

இடமும் ஆளும்

முதல் மாதத்துக்கு எட்டுப் பேரும் ஆறு இடங்களும் போதும். இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கடலும், இரைச்சலான இடமும், அமைதியான இடமும் கலந்து வரட்டும். உதாரணத்துக்கு: அரிச்சல்முனை, ஓலைக்குடா, பாம்பன் கரை, மண்டபம் வடக்குத் துறை, கீழக்கரை, காரங்காடு. தெற்கே வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் ஆள் கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். ஆள் கிடைக்கும் இடம்தான் நல்ல இடம். ராமநாதபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பதிய வேண்டிய இடம் மூன்றாவது வாரத்தில் கைவிடப்படும்.

கல்லூரி மாணவர்களை மட்டும் நம்பி இறங்காதீர்கள். தேர்வு வந்தால் பதிவு நின்றுவிடும். பாசி எடுக்கப் போகும் பெண்கள், கருவாடு காயப்போடுபவர்கள், கரையோரம் டீக்கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் நாள் தவறாமல் அங்கே இருப்பவர்கள். பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி போன்ற வழிகளில் அழைப்பு விடுத்தால் மீனவர் வீடுகளுக்குச் செய்தி நேரடியாகப் போகும்.

ஒவ்வொரு இடத்திலும் நிற்கும் புள்ளியை அசையாத ஒன்றை வைத்துக் குறியுங்கள்: ஒரு கிணறு, ஒரு பனை, கலங்கரை விளக்கத்தின் சுவர். “தண்ணீரிலிருந்து இருபது அடி” என்று மட்டும் எழுதினால் தண்ணீர் விளிம்பு இன்று ஒரு இடத்தில் இருக்கும், நாளை ஒரு இடத்தில் இருக்கும். அலையிலிருந்து உள்ள தூரம் மாறினால் ஒலியும் மாறும். மாறியது கடலா, நீங்களா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

போனைப் பழக்குதல்

கைபேசியின் மைக் மனிதக் குரலைக் கேட்பதற்காகச் செய்யப்பட்டது. பேச்சு இல்லாத, விடாமல் ஒரே சீராக வரும் எதையும் அது தொந்தரவு என்று எண்ணி அமுக்கப் பார்க்கும். அலை அப்படிப்பட்ட ஒலிதான். அதனால் போனை வாங்கியபடியே வைத்துப் பதிந்தால் கடலை அழித்துவிட்டு, பின்னால் பேசிக்கொண்டு போகிறவர்களை மட்டும் பளிச்சென்று தரும்.

இதைத் தடுக்க மூன்று அமைப்புகளை மாற்ற வேண்டும். முதலாவது, கோப்பு வகை. ஒலியைச் சுருக்கிவிடும் எம்பி3, ஏஏசி வேண்டாம். வேவ் வகையில் பதியும் ஆப் தேவை. ஆண்ட்ராய்டில் ரெக்ஃபோர்ஜ் போன்ற ஆப்களில் இது கிடைக்கும். ஐபோனில் உள்ள வாய்ஸ் மெமோஸ் ஆப்பின் அமைப்புகளில் ஆடியோ தரத்தை ‘லாஸ்லெஸ்’ என்று மாற்றினால் போதும். இரண்டாவது, சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. இந்த அளவில் ஒரு நிமிடம் 5.76 எம்பி பிடிக்கும். மூன்றாவதுதான் முக்கியம், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான்: ஆப்பின் அமைப்பில் ‘ஆடியோ சோர்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதில் ‘அன்ப்ராசஸ்டு’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 7-லிருந்து இந்த வசதி உண்டு, ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைத் திறந்துவிடுவதில்லை. அது இல்லாவிட்டால் ‘வாய்ஸ் ரெகக்னிஷன்’. பெயரைப் பார்த்தால் பேச்சுக்கானது போலத் தோன்றினாலும், தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வேலை அதில் பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருக்கும்.

அமைப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அறிய ஒரு கைதட்டல் போதும். வீட்டுக்குள் ஃபேனைப் போட்டுவிட்டு, போனைப் பதிவில் வைத்து, பத்து விநாடி சும்மா இருங்கள். பிறகு போனுக்கு இரண்டடி தள்ளி ஒரே ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். இன்னும் பத்து விநாடி சும்மா இருங்கள். இயர்போனில் போட்டுக் கேளுங்கள். தட்டலுக்கு முன்னும் பின்னும் ஃபேன் சத்தம் ஒரே அளவில் இருந்தால் நல்லது. தட்டல் முடிந்ததும் ஃபேன் சத்தம் சட்டென்று அமுங்கி, பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தால் போன் இன்னும் தானாகக் கூட்டிக் குறைக்கிறது என்று பொருள். பதிவு தொடங்கி ஐந்தாறு விநாடிக்குள் ஃபேன் சத்தமே கரைந்து போனால் இரைச்சல் நீக்கி வேலை செய்கிறது. இரண்டில் எது நடந்தாலும் சோர்ஸை மாற்றிப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் வேறு ஆப். எதிலும் சரிவராத போன்கள் உண்டு. அப்படிப்பட்ட போன் வைத்திருப்பவரை அனுப்பிவிடாதீர்கள். குறிப்பு எழுதும் வேலைக்கும் ஆள் வேண்டும்.

மைக் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். பெரும்பாலான போன்களில் சார்ஜர் செருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் சிறு துளையாக இருக்கும். போன் கவர் அதை மறைக்கலாம், சுண்டுவிரல் மறைக்கலாம். கடற்கரையில் நாலைந்து முறை பயன்படுத்தினால் உப்பும் மணலும் அந்தத் துளையில் ஏறும். லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஊசி விட்டுக் குத்தினால் உள்ளே இருக்கும் சவ்வு போய்விடும். வாயால் ஊதினால் உப்பு இன்னும் உள்ளே போகும்.

கிளம்புவதற்கு முன், ஊருக்குள் நெட்வொர்க் இருக்கும்போதே ஒரு தடவை மேப்பைத் திறந்து இருப்பிடம் பிடிக்கவிடுங்கள். இடத்துக்குப் போனதும் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் பதிவு வெட்டுப்படும். அதோடு, தனுஷ்கோடிப் பக்கம் போனில் இலங்கை டவர் சிக்கி ரோமிங் கணக்கில் பணம் போவதும் உண்டு. இரண்டு நாட்டுக்கும் நேரம் ஒன்றே என்பதால் கடிகாரம் கெடாது. ஏர்பிளேன் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். நெட் உதவி இல்லாததால் இடம் பிடிக்க ஓரிரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

காற்று

இந்தக் கரையில் வீணாகிப் போகும் பதிவுகளில் பெரும்பாலானவை காற்றால் வீணாகின்றவை. காதில் விழும் காற்றுச் சத்தம் வேறு, மைக்கில் விழுவது வேறு. பனையோலையில் காற்று சலசலப்பது பதிய வேண்டிய ஒலி. மைக் துளையின் விளிம்பில் காற்று மோதிச் சுழன்று, சவ்வை நேராகத் தள்ளுவதால் வரும் ‘புடுபுடு’ ஒலி அங்கே நின்ற யாருக்கும் கேட்டிருக்காது. அது போனுக்கு மட்டும் நடந்தது.

செலவு குறைந்த வழி: பொம்மை தைக்க விற்கும் நீள மயிர்த் துணியில் ஓரடி வாங்கி, போனின் கீழ்ப்பாதி நுழையும் அளவுக்குப் பை தைத்துக்கொள்ளுங்கள், மயிர் வெளிப்பக்கம் இருக்கும்படி. மயிர்கள் காற்றின் வேகத்தைத் துளைக்கு வருமுன்னே உடைக்கும். அதற்கு உள்ளே ஒரு மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தால் இன்னும் நல்லது. கைக்குட்டை சுற்றினால் இளங்காற்றுக்குத் தாங்கும், மேற்கிலிருந்து பலமாக அடிக்கும் கச்சானுக்குத் தாங்காது. பிளாஸ்டிக் உறையில் போடவே வேண்டாம். உறை தானே படபடவென்று அடித்துக்கொள்ளும்.

காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி, போனை நெஞ்சுக்கு முன்னால் பிடியுங்கள். கரையில் ஏற்றி வைத்த வல்லம் என்ற நாட்டுப்படகோ சுவரோ இருந்தால் அதன் மறைவில் நிற்கலாம்; ஆனால் சுவருக்கு மூன்றடிக்குள் நின்றால் எதிரொலி சேரும். தரைக்கு அருகே காற்றின் வேகம் குறைவு என்பதால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பதிவது உதவும். எந்த உயரத்தில் பதிந்தாலும் அந்த இடத்துக்கு எப்போதும் அதே உயரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தம் வரும். நாலடி மூங்கில் கம்பை மணலில் ஒரு முழம் இறக்கி, மேலே ரப்பர் பேண்டால் போனைக் கட்டினால் தொல்லையில்லை. மணல் அதிர்வை வாங்கிக்கொள்ளும். படகின் பலகை மேல் போனை வைக்காதீர்கள். இஞ்சின் ஓடினால் பலகையின் நடுக்கம் நேராகப் போனுக்குள் ஏறி, பதிவு முழுக்க உறுமலாகிவிடும்.

காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். நான்கு படிகள் போதும். 0: பனையோலை அசையவில்லை. 1: ஓலை சலசலக்கிறது. 2: மணல் தரையோடு ஓடுகிறது. 3: மணல் முகத்தில் அடிக்கிறது. 3 என்றால் பதிய வேண்டாம். “காற்று 3, பதிவு இல்லை” என்று குறிப்பில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். வராமல் இருந்ததற்கும், வந்தும் பதிய முடியாமல் போனதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டும் வெற்றிடமாகத் தெரியக் கூடாது.

மூன்று நிமிடம்

போனைக் கட்டி, பதிவைத் தொடங்கி, முதல் பதினைந்து விநாடிக்குள் வாயால் விவரம் சொல்லுங்கள். இப்படி: “ஜனவரி 12, காலை 5.40, ஓலைக்குடா, கிணத்துக்குப் பக்கம். வாடை, காத்து 1. அலை சின்னது. தெற்க ஒரு வல்லம் இஞ்சின் ஓடுது. போன் நம்பர் 7.” பிறகு பத்தடி பின்னால் வந்து அசையாமல் நில்லுங்கள். குறிப்புத்தாள் தொலையலாம், கோப்பின் பெயர் மாறலாம். குரலில் சொன்னது பதிவோடேயே இருக்கும்.

மூன்று நிமிடம் என்பது நிற்கும்போது நீளமாகத் தெரியும். கைபேசி கையில் இல்லாமல் மூன்று நிமிடம் நின்று பழக்கம் விட்டுப்போனவர்கள் செருப்பைத் தேய்ப்பார்கள், இருமுவார்கள், சாவியைக் குலுக்குவார்கள். அந்த நேரத்தை எழுத்துக்குப் பயன்படுத்துங்கள்: என்ன கேட்கிறது, எந்தத் திசையிலிருந்து, விட்டுவிட்டா தொடர்ந்தா. காது பிடிப்பதைப் போன் பிடிக்காது. தொலைவில் பாம்பன் பாலத்தில் ரயில் ஏறும் ஒலி காதுக்குத் தெளிவாக இருக்கும், பதிவில் அலைக்குள் மறைந்திருக்கும். எழுதி வைத்திருந்தால்தான் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

காரங்காட்டு அலையாத்திக் காட்டில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். முதலில் பறவை மட்டும் கேட்கும். ஒரு நிமிடம் கழித்து, வேர்களுக்கு நடுவே சேற்றிலிருந்து, அடுப்பில் ஈரச் சுள்ளி வெடிப்பது போலச் சின்னச் சின்னச் சொடுக்குகள் வருவது தெரியலாம். சேற்றிலும் பாறையிடுக்கிலும் வாழும் ஒருவகைச் சிறு இறால் தன் பெரிய கொடுக்கை மின்னல் வேகத்தில் மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது. சொடுக்கு அந்தக் குமிழி உடையும் ஒலி. அடுத்த பதிவில் அந்தச் சொடுக்கை எண்ணத் தொடங்குவீர்கள். இதற்காகத்தான் அவசரப்படாமல் நிற்கச் சொல்வது.

நேரம்: விடியலில் 5 முதல் 6, முற்பகல் 10 முதல் 11, மாலை 4 முதல் 5, இரவு 9 முதல் 10. நான்கும் முடியாவிட்டால் விடியலும் மாலையும். நண்பகலில் வேண்டாம்; சித்திரை வெயிலில் பதினைந்து நிமிடம் கிடந்தால் போன் சூடேறித் தானே அணைந்துவிடும். தனுஷ்கோடியில் பொழுது சாய்ந்தபின் இருக்கவிட மாட்டார்கள், அங்கே இரவுப் பதிவைத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. உச்சிப்புளி கடற்படை விமானத் தளம், மண்டபம் கடலோரக் காவல்படை நிலையம் போன்றவற்றின் அருகில் போனைக் கம்பில் கட்டி நிற்காதீர்கள். மற்ற இடங்களிலும் முன்கூட்டியே ஊர்த் தலைவரிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

யாருடைய பேச்சு

மீன் ஏலம் நடக்கும் இடம் ஒலிக்குப் பெரிய செல்வம்: ஏலக்காரர் விலை ஏற்றும் தாளம், ஐஸ் உடைக்கும் சத்தம், பெட்டியை இழுக்கும் சத்தம், இடையே காகம். ஆனால் அங்கே பேசப்படுவது பணம். கடன், பாக்கி, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் போனில் விழும். பதிவதற்கு முன் கேளுங்கள்: “அண்ணே, இங்க மூணு நிமிஷம் சத்தம் மட்டும் பதியப் போறோம். யாரு பேசுறதும் தனியா புரியாத மாதிரி தள்ளி நின்னுதான். உங்களுக்குச் சரியா?” வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்றாலும் ஐம்பதடி தள்ளி நில்லுங்கள். பிறகு கேட்கும்போது ஒரு வாக்கியம் முழுசாகப் புரிந்தால் அந்தப் பதிவைப் பொதுவில் ஏற்றக் கூடாது.

கடலுக்குள் போகிறவர்கள் ஆர்வத்தோடு நடுக்கடலில் பதிந்து அனுப்புவார்கள். ஒலி வேண்டும், இடம் வேண்டாம். கோப்பிலும் குறிப்பிலும் உள்ள ஜிபிஎஸ் எண்களை நீக்கிவிட்டு, “பாக் விரிகுடா” என்று மட்டும் போடுங்கள். சர்வதேசக் கடல் எல்லை இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கரையில், ஒரு படகு எந்த நாளில் எங்கே நின்றது என்பதை இணையத்தில் வைப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் தீங்கு. பாசி எடுக்கும் இடங்களுக்கும், ஆமை முட்டையிடும் இடங்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

அனுப்புவதும் பெயரிடுவதும்

வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பியது எதையும் சேர்க்காதீர்கள். அது பேச்சுக்காகக் கடுமையாகச் சுருக்கப்பட்டது. மேல் அதிர்வெண்கள் போயிருக்கும், ஆலாப் பறவையின் கீச்சு மொட்டையாகக் கேட்கும். வேவ் கோப்பை ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்தால் அப்படியே வரும், பெயரும் மாறாது. பெரிய கோப்பென்றால் வீட்டு வைஃபையில் கூகுள் டிரைவில் போடச் சொல்லுங்கள். கோபோ கலெக்ட் போன்ற படிவ ஆப் பயன்படுத்தினால் குறிப்பும் இருப்பிடமும் நெட் இல்லாமலேயே சேமிக்கலாம். ஆனால் அதன் உள்ளேயே ஒலி பதிந்தால் சுருக்கித்தான் சேமிக்கும். ஒலியைத் தனி ஆப்பில் பதிந்து, படிவத்தில் கோப்பாக இணையுங்கள்.

பெயரில் எண்கள் மட்டும்: தேதி, நேரம், இட எண், போன் எண், நடுவில் கீழ்க்கோடு. 20260112_0540_02_07 என்றால் 2026 ஜனவரி 12, காலை 5.40, இரண்டாவது இடம், ஏழாவது போன். தமிழில் பெயர் வைக்க ஆசையாக இருக்கும். சில மென்பொருள்கள் அதைச் சிதைத்துவிடும், ஊர்ப்பெயரைத் தமிழில் எழுத அட்டவணை இருக்கிறது. கீழ்க்கோட்டை விட்டு எண்களை ஒட்டி எழுதினால் எக்செல் அதைப் பெரிய எண் என்று நினைத்துச் சுருக்கி, கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும்.

அட்டவணையில் ஒரு பதிவுக்கு ஒரு வரி: கோப்பின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றுத் திசை, காற்றுப் படி, உயரம், கேட்டவை, பதிந்தவரின் எண். காற்றுக்கு அங்கே சொல்லும் பெயரையே எழுதுங்கள்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். ஆனால் ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் கொஞ்சம் நகரும் என்பதால் பக்கத்து நிரலில் திசையையும் எழுதுங்கள். இருப்பிடத்துக்குத் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர். போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும்.

சரிபார்த்தல்

ஆறு இடம், நாளுக்கு நான்கு நேரம், வாரம் இரண்டு நாள், நான்கு வாரம்: அதிகபட்சம் 192 பதிவு. ஒவ்வொன்றும் மூன்றரை நிமிடம் என்றால் சுமார் 4 ஜிபி, கேட்டு முடிக்க 11 மணி நேரம். இதைச் செய்யும் ஆளை முதலிலேயே பேசி வையுங்கள். பதிவு சேர்ப்பதில் இருக்கும் உற்சாகம் கேட்பதில் இருப்பதில்லை. கேட்கப்படாத கோப்புகள் குவிந்து நின்றுபோகும் முயற்சிகள் அதிகம்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, அலைவடிவத்துக்குப் பதில், எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலித்தது என்பதைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைப் போடுங்கள். காதுக்கு முன் கண் பல தவறுகளைப் பிடிக்கும். அடியில், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, கொத்துக் கொத்தாகப் பளிச்சென்ற திட்டுகள் இருந்தால் காற்று மைக்கில் மோதியிருக்கிறது. 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டியது போல மேல்பகுதி இருண்டிருந்தால் அது எம்பி3-யாக இருந்து வேவ் ஆக மாற்றப்பட்டதாக இருக்கலாம். 8 கிலோஹெர்ட்ஸிலேயே வெட்டியிருந்தால் வாய்ஸ் மெசேஜிலிருந்து வந்திருக்கலாம். அனுப்பியவரைக் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள், தெரியாமல் செய்திருப்பார்கள்.

காற்று லேசாக மோதியிருந்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி விடலாம். சத்தம் அளவு மீறியதால் அலைவடிவம் உச்சியில் முட்டித் தட்டையாகிப்போன பதிவை எந்த வடிகட்டியும் மீட்காது. இரைச்சல் நீக்கும் கருவியைத் தொடவே தொடாதீர்கள்; போன் செய்யாமல் விட்ட அழிவை நீங்கள் செய்வதாகும். மூலக் கோப்பு எப்போதும் தனியாக இருக்கட்டும்.

பறவைகளுக்கு மெர்லின், பேர்ட்நெட் போன்ற ஆப்கள் பெயர் சொல்லும். அது ஒரு துப்பு மட்டும். பறவை தெரிந்தவர் உறுதி செய்யாமல் அட்டவணையில் ஏற்றாதீர்கள்.

டெசிபல் வேண்டுமென்றால்

பதிவைக் கேட்பது ஒரு வேலை, ஒலியின் அளவை எண்ணாகச் சொல்வது வேறு வேலை. இரண்டாவதை முதல் மாதத்தில் தொடங்காமல் இருப்பதே நல்லது. வெவ்வேறு போன்கள் ஒரே சத்தத்துக்கு வெவ்வேறு எண் காட்டும். அளவுக்கு ஆண்ட்ராய்டில் நாய்ஸ்கேப்ச்சர் நல்ல ஆப். பிரெஞ்சு ஆய்வாளர்கள் மக்கள் பங்கேற்புக்காகவே செய்தது.

எல்லாப் போன்களையும் ஒரு நாள் ஓர் அறையில் சேருங்கள். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஒலியளவு மானி இருந்தால் இரவல் கேளுங்கள். ஸ்பீக்கரில் பிங்க் நாய்ஸை (தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எல்லாம் கலந்த சீரான இரைச்சல்) ஒரே அளவில் ஓடவிட்டு, மானியையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடச் சராசரி எடுங்கள். மானி 74, போன் 68 என்றால் அந்தப் போனுக்கு எப்போதும் 6 கூட்ட வேண்டும். போன் கவர், மயிர்த்துணிப் பை எல்லாம் கரையில் எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும். ஆப் அப்டேட் ஆனால் மறுபடி செய்ய வேண்டும்.

சராசரி எடுப்பதில் தவறு எளிது. 60 டெசிபலுக்கும் 80 டெசிபலுக்கும் சராசரி 70 அல்ல, 77. டெசிபல் மடங்குக் கணக்கு என்பதால் முதலில் ஆற்றலாக மாற்றி, சராசரி எடுத்து, திரும்ப டெசிபலாக்க வேண்டும். இன்னொன்று: வழக்கமாகப் பயன்படும் ஏ-எடை அளவு மனிதக் காதை ஒட்டித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் காட்டும், 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் வரை. விசைப்படகு டீசல் இஞ்சினின் உறுமல் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. எண் குறைவாக வந்தால் துறைமுகம் அமைதியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. உங்கள் எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் போனில் எடுத்த அளவு புகாருக்குச் சான்றாக நிற்காது. கோயில் ஒலிபெருக்கி, வாங்கு, திருவிழா என்று ஏதாவது ஒன்றைக் குறிவைக்க வரைபடத்தை யாராவது எடுத்துக்கொண்டால் அடுத்த வாரமே பதிபவர்கள் விலகிவிடுவார்கள். அந்த ஒலிகள் கரையின் ஒலிகள், இருக்கிறபடி பதியுங்கள்.

வரைபடத்தில் ஏற்றுதல்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் மேல் இயங்கும் யூமேப் என்ற வரைபடத் தளம் இலவசம், நிரல் எழுதத் தெரிய வேண்டாம். அட்டவணையை சிஎஸ்வி ஆகச் சேமித்து இறக்குமதி செய்தால் புள்ளிகள் வந்துவிடும். அட்சரேகை, தீர்க்கரேகை நிரல்களின் தலைப்பு மட்டும் ஆங்கிலச் சுருக்கத்தில் (lat, lon) இருக்க வேண்டும். யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்காவிட்டால் தமிழ் எல்லாம் கட்டங்களாகும். ராமேசுவரம் 9.28 வடக்கு, 79.31 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் உங்கள் ஓலைக்குடா ஸ்வால்பார்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். புள்ளியைக் காணோம் என்றால் முதலில் அங்கே தேடுங்கள்.

ஒலிக் கோப்புகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் வைத்து, அந்தத் தொடுப்பை அட்டவணையில் சேருங்கள். டிரைவ் தொடுப்பு, அதை வைத்திருப்பவர் படிப்பு முடித்துக் கணக்கை மூடினால் செத்துவிடும். உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் (பிறரும் பயன்படுத்த விடும் பொது உரிமம்) என்றால் பதிந்தவர்களிடம் தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள், அதன் பொருளைத் தமிழில் விளக்கிச் சொல்லி. உலக அளவில் சேர்க்க விரும்பினால் 2006 முதல் நடக்கும் ரேடியோ அப்போரி ஒலி வரைபடமும் ஃப்ரீசவுண்ட் தளமும் இருக்கின்றன.

தடைக்காலக் கணக்கு

ஒரு மாதம் பழகியபின் செய்ய வேண்டியது இது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. விசைப்படகு இஞ்சின் இல்லாத கரை எப்படிக் கேட்கும் என்பதை வருடத்தில் அப்போதுதான் நாள் கணக்கில் தொடர்ந்து அறிய முடியும். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பதியத் தொடங்கி, தடை முழுவதும் தொடர்ந்து, ஜூன் கடைசி வரை கொண்டுபோங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. மே மாதத்திலேயே தென்மேற்குக் காற்று ஏறத் தொடங்கும். தென்கரையில் இஞ்சின் நின்ற இடத்தை அலை நிரப்பிவிடும். அளவை மட்டும் பார்த்தால் தடைக்காலத்தில் சத்தம் கூடியது என்று வரும். ஆகவே ஒப்பீட்டுக்கு மண்டபம் வடக்குத் துறை போன்ற பாக் விரிகுடா இடங்களை வைத்துக்கொண்டு, காற்றுப் படி 0, 1 இருந்த பதிவுகளை மட்டும் எதிரெதிரே நிறுத்துங்கள். தடை இல்லாத மாதங்களிலும் விசைப்படகு போகும் நாள், நாட்டுப்படகு போகும் நாள் என்று வாரம் பிரிந்திருக்கும். பதிந்த நாள் எது என்று அட்டவணையில் ஒரு நிரல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முப்பது நாற்பது பதிவு சேர்ந்ததும் ஒரு மாலையில் ஸ்பீக்கரோடு கரைக்குப் போய், பதியப்பட்ட இடத்திலேயே போட்டுக் காட்டுங்கள். இடத்தைச் சொல்லாமல் போடுங்கள். வயதான மீனவர்கள் இஞ்சினைக் கேட்டே அது எத்தனை சிலிண்டர், படகு கரைக்கு வருகிறதா, போகிறதா என்று சொல்வார்கள். “இது நம்ம கரையில்ல, இங்க அலை இவ்வளவு நெருக்கி அடிக்காது” என்று ஒரு கோப்பின் இட எண் தவறென்று காட்டுவார்கள். நீங்கள் “அடையாளம் தெரியாத பறவை” என்று எழுதியதற்கு அவர்களிடம் ஒரு பெயர் இருக்கும். அட்டவணையில் “கரையில் சொன்னது” என்று ஒரு நிரலைச் சேர்த்து, சொன்ன சொல்லை மாற்றாமல் அதில் எழுதுங்கள்.